நாத்தனார் முடிச்சும் புட்டி வாசமும்

"…நீ முடிச்சு போடலன்னா நானும் மேடை ஏறலக்கா" என்றான் தம்பி. பட்டு வேட்டி, ஜிப்பா, தலைப்பாகை, மாப்பிள்ளைக் கோலம்.

மெர்லிமாவ் ஊர்க் கோயில் மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கொட்டகைப் பக்கம் காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கையில் மூச்சு மருந்துப் பம்பு. அவன் கிட்டே வரவரச் செண்ட் வாசம் மூச்சைப் பிடித்தது. அங்கேயே நில்லுடா என்று கையைக் காட்டினேன்.

குருபோங் ஊரில் வேலைக்குப் போன பிறகு வந்த தொல்லை இது. ஆபீசில் தானாகப் பீச்சுகிற வாசனை டப்பா என் தலைக்கு நேர் மேலே இருந்தது. அப்போதிலிருந்து செண்ட், துணி மணக்க ஊற்றுகிற திரவம், காருக்குள் தொங்குகிற வாசனை அட்டை, எது பட்டாலும் மூச்சுப் பிடித்துக்கொள்ளும். மல்லிகையும் ஹோமப் புகையும் ஒன்றும் செய்வதில்லை. புட்டியில் அடைத்த வாசம்தான் எமன். டாக்டருக்குப் புரிகிறது, சொந்தங்களுக்குப் புரிவதில்லை. மூக்கு உள்ள மட்டும் சளி இருக்கும், அதுக்காக மூக்கையா அறுக்கிறது என்பார் பெரியம்மா. சொலவடை என்னவோ அருமைதான். மூச்சு விட முடிந்தால் நானும் சிரிப்பேன்.

நிச்சயம் பண்ணிய நாளிலிருந்தே எனக்குத் தூக்கமில்லை. தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மிச்ச முடிச்சு அவனோடு பிறந்தவள். கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். மணவறையில் அவன் தோளை ஒட்டி நின்றாக வேண்டும். எங்கள் பக்கம் எல்லாரிடமும் அன்றைக்குச் செண்ட் வேண்டாம் என்று கெஞ்சி வைத்தேன். பெண் வீட்டில் சொல்ல மட்டும் கூச்சம். விளைவு, வாசலில் பன்னீர் தெளித்த பெண் வீட்டு அம்மாள், நான் நாத்தனார் என்று தெரிந்ததும், மரியாதை குறையக்கூடாதென்று என் தலையில் மறுபடி மறுபடி உதறிவிட்டார். எசன்ஸ் கலந்த பன்னீர். பின்பக்கம் ஓடிவந்து தலையை அலசியும் இளைப்பு அடங்கவில்லை.

தம்பி மேலேயோ, காரில் வரும்போதே கூட்டாளிகள் ஒரு புட்டிச் செண்டைக் காலி பண்ணியிருந்தார்கள். எனக்குப் பதிலாச் சித்தி மகளை நிறுத்திக்கடா, நான் மேடையில் மயங்கி விழுந்தால் அபசகுனம் என்பார்கள் என்று தூரத்திலிருந்தே சொன்னேன். அதற்குத்தான் மேடை ஏறலக்கா என்ற அந்தப் பதில்.

உள்ளே ஐயர் மைக்கில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். வீடியோக்காரர் ஓடிவந்து, நேரமாச்சுலா, தலைப்பாகை கலையாமல் வாங்க என்றார். தம்பி தலைப்பாகையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தான். ஜிப்பாவைக் கழற்றி வேலியில் போட்டான். அண்டா கழுவுகிற குழாயடியில் போய்க் குனிந்து, தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தான்.