தொண்டிக்காரர்களுக்கு மட்டும்

சூலியா தெருவில் இருந்த எங்கள் அத்தாவின் சோற்றுக்கடையில் ஒரு சட்டம் உண்டு. பினாங்குக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர் தொண்டிக்காரர் என்றால் முதல் சாப்பாட்டுக்குக் காசு கிடையாது, அதுவும் மீன் தலையோடு. வேறு ஊர்க்காரர் என்றால் காசை வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். எங்கள் சொந்த ஊரான, கடலோரத்துத் தொண்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை; பிறந்ததே பினாங்கில்தான். ஆனாலும் அந்த ஊரைப் பற்றி எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. சாப்பிட வந்த தொண்டிக்காரர்களிடம் போய் நின்றுகொண்டு ஊர்க்கதை கேட்பேன். பெண்பிள்ளைக்குக் கடையில் என்ன வேலை என்று அம்மா மாடியிலிருந்து கத்துவாள்.

ரப்பர் விலை விழுந்த வருடம், ஒரு மத்தியானம், எலும்பும் தோலுமாக ஒருவர் வந்தார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, "தொண்டிங்க" என்றார். அத்தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தட்டு நிறையச் சோறு போட்டார். நான் பக்கத்தில் போய், "உங்க வீட்டுலேர்ந்து கடல் கிட்டவா, தூரமா?" என்று கேட்டேன்.

"தொண்டியில கடல் இருக்கா பாப்பா?" என்றார் அவர்.

கள்ளனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. "அத்தா! இவரு நம்ம ஊரு இல்ல!" என்று கடை அதிரக் கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"சுங்கை பாக்காப் ரப்பர் தோட்டத்துல ஆளைக் குறைச்சிட்டாங்கண்ணே. தொண்டின்னு சொன்னா சோறு போடுவீங்கன்னு படகுத்துறையில சொன்னாங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார்.

கல்லாவிலிருந்த மாமாவுக்குக் கோபம். "பாத்தீங்களா மச்சான், இப்படியே போனா பினாங்கே தொண்டியாயிரும் லா!"

பாதி தின்றிருந்த அந்தத் தட்டையே அத்தா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்தவரின் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"ஊரை விட்டு வந்து ரொம்ப நாளாச்சுல்ல, மறந்திருப்பாரு. தொண்டிதான். சாப்பிடுங்க தம்பி" என்று இன்னோர் அகப்பை குழம்பு ஊற்றினார்.

அத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வந்தவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். ஊர் ஞாபகம் வந்துவிட்டது போலும் என்று நினைத்து, நானே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

அதன்பிறகு தொண்டிக்காரர்கள் பெருகினார்கள். நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்கள், மலையாளம் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருநாள் ரிக்ஷா இழுக்கும் சீனர் ஒருவர் வாசலில் நின்று, தயங்கித் தயங்கி, "தொண்டி" என்றார். மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். அத்தா தட்டை எடுத்தார்.

எங்கள் ஊரில் சீனர்கள்கூட இருக்கிறார்கள், அவ்வளவு பெரிய ஊர் என்று மறுநாள் குர்ஆன் ஓதுகிற பள்ளியில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.