பென்சிலில் எழுதிய எடை

கப்பலின் எடையை எழுதி வைக்கிறவனுக்கு டீ கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்கும், கூட உட்கார்ந்து குடிக்க ஆள் இருக்காது. நீங்கள் ரேஷன் கடையில் தராசு பிடித்தவராகவோ, கல்யாணப் பந்தியில் இலை எண்ணியவராகவோ இருந்தால் இது உடனே புரியும். 'போதும்' என்று சொல்வதை வேலையாக வைத்திருப்பவனை யாருக்கும் பிடிப்பதில்லை.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. கப்பல் வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசராக, டெல்லியில் கடற்படையின் கப்பல் வடிவமைப்பு அலுவலகத்துக்கு வந்தேன். கம்ப்யூட்டர் வந்து டிரேசர்கள் போன பிறகு, எண்ணிக்கை தப்பாதவன் என்று என்னை எடை ரிஜிஸ்டரில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெற்றும் ஒப்பந்தத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள். அப்போது ஒரு புதுவகைப் போர்க்கப்பல் உருவாகிக்கொண்டிருந்தது. சிறியது, வேகமானது, எட்டு ஏவுகணை. அவற்றை விட்டுவிட்டு, எதிரி திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடி வந்துவிட வேண்டும். எடை கூடினால் கப்பல் தண்ணீரில் கூடுதலாக இறங்கும், வேகம் குறையும். வேகம் குறைந்தால் ஏவுகணையில் இரண்டை இறக்கு என்பார்கள். ஆறு ஏவுகணைக்கு எதற்குப் புதுக் கப்பல் என்பது அடுத்த கேள்வி. கப்பலின் மொத்த எடையை இங்கே எழுத மாட்டேன். பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வருகிறது, அது அப்படியே இருக்கட்டும். கூடியதையும் குறைந்ததையும் மட்டும் சொல்கிறேன்.

இருபது கிலோதானே

எங்கள் அறைக்கு வரும் அதிகாரிகள் டன் கணக்கில் எதையும் கேட்பதில்லை. ரேடார்க்காரருக்கு இன்னொரு பெட்டி, இஞ்சின்காரருக்கு உபரியாக ஒரு பம்பு, கப்பல் தலைவர் அறைக்குத் தேக்குப் பலகை. கேட்டுவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இருபது கிலோதானே" என்பார்கள். 'தானே' என்று முடிந்த கோரிக்கைகளை மட்டும் ஒரு வருஷம் தனியாக எண்ணினேன். நூற்று முப்பத்தேழு.

எதைச் சேர்த்தாலும் கேட்டவர் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. ஏவுகணைப் பிரிவில் ஒரு கேப்டன், நல்ல உயரம், நல்ல குரல். ஒரே வாரத்தில் நான்கு தடவை வந்தார். ஐந்தாவது தடவை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே ரிஜிஸ்டரையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினேன். சங்கரலிங்கம் என்ற என் பெயர் அங்கே யார் வாயிலும் முழுதாக நுழையாது. அவர் பேனாவைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஷங்கர்ஜி, இந்தப் பேனாவைக் கணக்கில் சேர்த்தாயிற்றா? இல்லையென்றால் ஒரு பென்சில் கொடுங்கள், லேசாக இருக்கும்."

கம்ப்யூட்டருக்குத் தெரியாதது

எங்கள் தலைவர் கமாண்டர் சௌகான். என் மகள் வயதுதான் இருக்கும், மரியாதை தெரிந்தவர். ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் திரையில் முழுக் கப்பலையும் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ஒரு பட்டனை அழுத்தினால் எடை வந்து நிற்கிறது. இனி உங்களுக்கு ரிஜிஸ்டர் சுமக்கும் கஷ்டம் இல்லை என்றார். வேலை இல்லை என்பதை அதைவிட நயமாகச் சொல்ல முடியாது.

எனக்கு வாய் வர நேரமாகும். அவர் கப்பலை இன்னொரு சுற்றுச் சுற்றிய பிறகு, "பெயிண்ட் எங்கே சார்?" என்று கேட்டேன். பெயிண்டை யாரும் வரைவதில்லை. வரையாததைக் கம்ப்யூட்டர் எடை போடுவதில்லை. வெல்டிங் தையலும் அப்படித்தான், கேபிளைச் சுவரில் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கிளிப்புகளும் அப்படித்தான். ஆலையிலிருந்து வரும் இரும்புத் தகடு சொன்ன கனத்தைவிட ஒரு நூல் தடித்தே வரும். நான்கையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். அவர் கூட்டிப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை இன்றைக்கு வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், ஷங்கர்ஜி. முதலில் நான் பயந்து முடித்துக்கொள்கிறேன்."

சின்ன வெங்காயம்

அந்த நான்கையும் ரிஜிஸ்டரில் ஏற்றியும் கணக்கு, கப்பலுக்கு அனுமதித்த எடை எல்லைக்குள்தான் நின்றது. ஆனாலும் அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கிட்வாய் நகரில் மகளுக்கு ஒதுக்கிய குவார்ட்டர்ஸிலிருந்து நானும் என் மனைவி பார்வதியும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்து போனோம். சின்ன வெங்காயம் கிடைக்கும் கடையில் எலெக்ட்ரானிக் தராசு. வெறும் தட்டுக்கே பன்னிரண்டு கிராம் காட்டியது. பன்னிரண்டையே பார்த்தபடி நின்றேன். பின்னால் நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். கடைக்காரர் "ஜல்தி, பாபுஜி" என்றார். நகரவும் முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை. கடைசியில் பார்வதிதான் என் தோளுக்கு மேலாக எட்டித் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள்.

திரும்பி வரும்போது பையை அவளே வாங்கிக்கொண்டாள். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம், அவள் பேச்சில் அது கொஞ்சமும் போகவில்லை.

"கப்பல் கண்ணு முன்னால முங்கினாலும் நீங்க வாயத் தொறக்க மாட்டிய. எத்தன அடி முங்கிருக்குன்னு பாத்துக்கிட்டே நிப்பிய."

பென்சில் கட்டம்

அவளுக்கு விஷயம் தெரியாது. ஆனால் விஷயம் அதுதான். ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு கட்டம் வைத்திருந்தேன். ஒன்றில் அதிகாரிகள் கையெழுத்துப் போட்டுச் சொன்ன எடை, மையில். பக்கத்தில், கடைசியில் எவ்வளவு வந்து நிற்கும் என்று எனக்குத் தோன்றுவது, பென்சிலில். முந்தைய கப்பல்களில் பார்த்துப் பார்த்து ஆட்களை எனக்குத் தெரியும். கேபிள்காரர் நூறு என்றால் நூற்றுப் பன்னிரண்டு. இஞ்சின் கம்பெனி எண்ணெய் ஊற்றாமல் எடை சொல்லும். பம்புக்காரர் மட்டும் கூட்டிச் சொல்லிப் பின்னால் குறைப்பார், நல்ல மனிதர். பென்சிலுக்கு யார் கையெழுத்தும் கிடையாது. அந்தப் பென்சில் மொத்தம் எல்லையைவிடப் பதினோரு டன் கூடுதலாக நின்றது.

எட்டு ஏவுகணையும் வேகமும் உறுதியாகிக் கையெழுத்தாகும் கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஏழு தடவை கூட்டினேன், ஏழு தடவையும் பதினோரு டன். சௌகான் சாரிடம் சொல்லக் கதவு வரை போவேன். உள்ளே யாராவது இருப்பார்கள். யாரும் இல்லாவிட்டால் ஸ்டேப்ளர் பின் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவேன். ஒன்பதாம் நாள் டீ கொண்டுவரும் ராம்கிஷன் கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்:

"இன்றைக்கு அந்தக் கதவு வரை பதினாறு தடவை போய்விட்டீர்கள், ஷங்கர்ஜி. சும்மா இருக்கிறோமே என்று நான் எண்ணினேன்."

ஆறு கை மாறிய சீட்டு

கூட்டத்தில் என் இடம் சுவரோரம் கடைசி நாற்காலி. தலைமையில் அட்மிரல். சௌகான் சார் படம் காட்டி, எடை எல்லைக்குள் இருக்கிறது என்றார். அவர் சொன்னது மை. அட்மிரல் பேனா மூடியைத் திறந்தார். நான் ஒரு சீட்டில், 'பென்சில் கணக்கில் பதினோரு டன் கூடுகிறது' என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி முன்னால் இருந்தவரிடம் கொடுத்தேன். அது ஆறு கை மாறிப் போனது. ஆறு பேரும் படித்தார்கள். ஐந்தாவது கை ஏவுகணைக் கேப்டனுடையது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தால் அவருடைய எட்டு ஏவுகணைக்கும் அன்றைக்கே கையெழுத்து. அவர் சீட்டை அடுத்தவரிடம் கொடுத்தார்.

யார் எழுதியது என்று அட்மிரல் கேட்டார். எழுந்தேன், மடியிலிருந்த ரிஜிஸ்டர் கீழே விழுந்தது. என்ன ஆதாரம் என்றார். "ஆதாரம் இல்லை சார், எனக்கு இவர்களைத் தெரியும்" என்றேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். சௌகான் சார் சிரிக்கவில்லை, காது சிவந்து உட்கார்ந்திருந்தார். அட்மிரல் கேபிள்காரரிடம் திரும்பி, போன கப்பலில் உமக்கு எவ்வளவு கூடியது என்று கேட்டார். "கொஞ்சம் சார்" என்றார் அவர். "நூற்றுக்குப் பன்னிரண்டு" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையதுதான். அட்மிரல் பேனாவை மூடினார்.

"எட்டும் இருக்கும். அந்தப் பதினோரு டன்னை இந்தப் பெரியவரே தேடிப் பிடித்து வெளியே எடுப்பார். அதுவரை என் பேனா மூடியேதான் இருக்கும்."

நாற்பத்திரண்டு கிலோ

அதன்பின் ஏழு மாதம் நான் நாவிதன் வேலை பார்த்தேன். தேக்குப் பலகை போனது. அலமாரிக் கதவு போய்த் திரைச்சீலை வந்தது. இரும்பு ஏணி அலுமினிய ஏணி ஆனது. என்னைக் கண்டு வராந்தாவில் வழி மாறிப் போனவர்கள் ஒன்பது பேர். சௌகான் சார் மட்டும் தினமும் காலையில் வந்து, இன்றைக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போவார். கதவு வரை வந்தும் சொல்லாமல் திரும்பியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. பதினோரு டன்னும் கழிந்து, அட்மிரல் கையெழுத்தும் ஆனது.

கப்பலில் போகப்போகும் ஆட்களில் சிலரைக் கட்டும்போதே நியமித்துவிடுவார்கள். அப்படி வந்தவர் சமையல்காரர் ஜெயபாண்டி, ராமநாதபுரத்துக்காரர். சமையற்கட்டு வரைபடம் பார்க்க டெல்லிக்கு வந்தவர், என் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு டப்பா எள்ளுருண்டையோடு வந்து நின்றார். மாவு அரைக்கும் கிரைண்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டிருக்கிறதே, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அடித்தது நான். ஸ்டாண்டோடு நாற்பத்திரண்டு கிலோ. "நான்தான் அடித்தேன், மிக்ஸியில் சமாளிக்கலாமே" என்றேன். அவர் எள்ளுருண்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"வடக்கத்தி ஆளு வெட்டிருந்தா மனசு ஆறிரும், அய்யா. இட்லி தின்னு வளந்த நீங்களே வெட்டிட்டீகளே."

தண்ணீர் சொன்ன எண்

கப்பலைத் தராசில் ஏற்ற முடியாது. மிதக்கவிட்டு, முன்னால், நடுவில், பின்னால், இரண்டு பக்கமும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஆறு எண். அதற்கு முன், கப்பலில் இருக்கும் கப்பலுக்குச் சொந்தமில்லாத எல்லாவற்றையும் எண்ணிக் கழிக்க வேண்டும். சௌகான் சார் கப்பல் கட்டும் தளத்தில், நான் டெல்லியில் டெலிபோனோடு. சாரப் பலகை, கருவிப் பெட்டி, இருபத்துமூன்று ஆட்கள், ஒரு டீ டிரம் என்று படித்தார். டிரம்மில் டீ இருக்கிறதா என்று கேட்டேன். பாதி என்றார்.

மூன்று தடவை கணக்குப் போட்டேன். மை எங்கேயோ நின்றது. தண்ணீர் பென்சிலுக்குப் பக்கத்தில் நின்றது. அறையில் கை தட்டினார்கள். ஆனால் பென்சிலைவிட ஏறக்குறைய ஆயிரத்து நானூறு கிலோ குறைவு. குறைந்தது நல்லதுதானே என்றார்கள். எண்ணுகிறவனுக்குக் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. ஏவுகணைக் கேப்டன் என் முதுகில் தட்டினார்.

"ஜெயித்தவன் முகம் இப்படி இருக்காது, ஷங்கர்ஜி. ஊருக்காகக் கொஞ்சம் சிரியுங்கள்."

சங்கிலி

பதினோரு நாள் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். பன்னிரண்டாம் நாள் காலை அகப்பட்டது. நங்கூரத்துக்கு எடை கொடுத்தவர்கள் சங்கிலியையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். ஐந்து பக்கம் தள்ளி, சங்கிலி என்று தனியாக இன்னொரு வரி, என் கையெழுத்தில். ஊரார் கணக்கையெல்லாம் சந்தேகப்பட்டவன் என் கணக்கைச் சந்தேகப்படவில்லை. இல்லாத அந்த எடைக்காக இருக்கிற பொருள்களை வெட்டியிருக்கிறேன். அதில் நாற்பத்திரண்டு கிலோ எது என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தடவை கதவு வரை ஒரே நடைதான். சௌகான் சார் படித்துவிட்டு, யாரும் கேட்கவில்லையே, ஏன் சொல்கிறீர்கள் என்றார். "எழுதினது நான் சார்" என்றேன். அவர் சிரித்து, இப்படி மிச்சமான எடையில் எதைத் திரும்பச் சேர்ப்பது என்று முதல் வரியை நீங்களே எழுதுங்கள் என்றார். ஒரு மணி நேரத்துக்குள் ஏவுகணைக் கேப்டன் வந்துவிட்டார், ஆயிரத்து நானூறு கிலோ கிடைத்ததாமே என்று. ரிஜிஸ்டரைத் தள்ளினேன். முதல் வரி நிரம்பியிருந்தது: மாவு அரைக்கும் கிரைண்டர், ஸ்டாண்டோடு, மையில், என் கையெழுத்து.

"அச்சா. என் ஏவுகணைக்கு முன்னால் வரிசையில் நிற்பது இட்லியா?"

ஓட்டம்

எட்டு ஏவுகணைக்கும் ஈடான எடையை ஏற்றிக் கப்பலை முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள். காலையிலிருந்து நான் உட்காரவில்லை. அன்று டீ பக்கம்கூடப் போகவில்லை என்று ராம்கிஷன் பிறகு சொன்னார். மதியம் சௌகான் சார் டெலிபோனில், "சொன்ன வேகம் வந்துவிட்டது, எட்டும் நிற்கும்" என்றார். சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே வந்ததாம். எவ்வளவு என்று எழுதினால் மறுபடியும் பென்ஷன். அன்றைக்கு ராம்கிஷன் தன் கிளாஸையும் எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து, கப்பல் கரைக்கு வந்ததும் ஜெயபாண்டி கூப்பிட்டார். கிரைண்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கல்லு நல்ல கல்லுதான், அய்யா. ஆனா உங்க கப்பலு ஓடுற ஓட்டத்துல மாவு பாத்திரத்துல நிக்க மாட்டேங்குது, செவுத்துலதான் நிக்குது."

சுவரில் ஒட்டிய மாவை உணவு எடையில் எழுதுவதா, பெயிண்ட் எடையில் எழுதுவதா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை, இரண்டிலும் எழுதிவிடக் கூடாது என்பது மட்டும் தெரியும்.