ஜெயசுதா கைக்கு ஏத்த மவுஸ்

எங்க ஃப்ளெக்ஸ் கடையில தலை வெட்டுறதுல ஜெயசுதாவ அடிச்சுக்க கள்ளக்குறிச்சியில ஆளே கெடையாது. பயந்துடாதீங்க. காதுகுத்து பேனர்னா பெரியப்பா, சித்தப்பா, மச்சான்னு நாப்பது மூஞ்சி வரும். ஒவ்வொரு போட்டோவுலயும் பின்னால நிக்கிற மாட்டுக் கொட்டாய, கரும்புக் கொல்லைய நீக்கிட்டு, மவுஸால ஓரம் புடிச்சு தலைய மட்டும் தனியா எடுக்கணும். ஒரு மாமன் மூஞ்சி விட்டுப்போனாலும் மண்டபத்துல சண்டைதான்.

அப்படி வெட்டி வெட்டியே அவளுக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சு. "மவுஸ மாத்து, அப்பவும் வலிச்சா வேலைய மாத்து"ன்னுட்டாரு டாக்டரு. அவ அழுதுட்டா. "துணிக்கடையில கூப்புடுறாங்கக்கா. ஆனா எனக்கு இந்த வேலைதான் புடிச்சிருக்கு"ன்னா. நான் கடைக்காரி, எனக்கு வாய் ஜாஸ்தி. "உள்ளங்கையளவு சாமானுக்குப் பயந்து ஓடுவியா? பொறுடி"ன்னு திட்டிட்டு, ஃபோன்ல தேடி, கைவலிக்கு நல்லதுன்னு போட்டிருந்த மவுஸ் ஒண்ண வாங்கினேன்.

வந்தத பாத்தா, நிமிந்து நிக்குது! கை குலுக்குற மாதிரி பக்கவாட்டுல புடிக்கணுமாம். ஜெயசுதா புடிச்சா வெரலு பட்டனுக்கே எட்டல. எட்டி எட்டி அமுக்குனதுல வலி தோள்பட்டைக்கு ஏறிடுச்சு. எனக்குக் கடுப்பு ஒரு பக்கம், இது ஏன் இப்படின்னு குறுகுறுப்பு ஒரு பக்கம். கடைக்கு வர்றவங்க கையையெல்லாம் அதுல வெக்கச் சொல்லிப் பாத்தேன். டவுன் பஸ் டிரைவர் மாயவனுக்கு அளவெடுத்துச் செஞ்சாப்ல உக்காந்துச்சு. அவரு கை முறம். அட, செருப்புக்கு சைஸ் பாக்குற நாம இதுக்குப் பாக்கலியேன்னு அப்பதான் உறைச்சுது. பேனர் அளக்குற டேப்ப எடுத்து, மணிக்கட்டுலேருந்து நடுவெரல் நுனி வரைக்கும் அவ கைய அளந்தேன்.

அளந்து முடிச்சதும் டேப்ப அவ இடது கையால வாங்கினா. யோசிச்சுப் பாத்தா கத்தரிக்கோலு, டீ டம்ளரு எல்லாமே இடதுதான்.

"ஏன்டி, நீ பீச்சாங்கைக்காரியா? அப்புறம் இன்னாத்துக்கு மவுஸ மட்டும் சோத்துக்கையில வெச்சுகினு சாவுற?"

"மொதல்ல வேலை பாத்த கடையில ஒருத்தரு, எங்கப்பா படத்தப் பீச்சாங்கையால தொடறியான்னு கத்திட்டாருக்கா. இங்கயும் எல்லாரும் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்துகினு இருக்காங்களே."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! சின்னக் கைக்குன்னு, அதுவும் இடது கைக்குன்னே, அதே மாதிரி நிமிந்து நிக்கிறது ஒண்ணு வரவழைச்சேன். கை அதுல அப்படியே அமந்துச்சு, மணிக்கட்டு மடங்கவே இல்ல. சோத்துக்கைக்கு ஓய்வு கெடைச்சு வீக்கமும் கம்மியாச்சு. ஆனாலும், "யாராவது ஏதாவது சொன்னா நான் துணிக்கடைக்கே போயிடுறேன்க்கா"ன்னுகினே இருந்தா.

சொல்ல ஆளு வந்துச்சு. கச்சிராயபாளையம் ராஜாங்கம், பேரன் காதுகுத்துக்கு பேனர் போட வந்தவரு, ஸ்டூல்ல உக்காந்துகினு ஸ்கிரீனையே பாத்தாரு.

"இன்னாம்மா இது? சாமி முருகன் மூஞ்சியப் போயி பீச்சாங்கையால நகத்துற?"

ஜெயசுதா கை அப்படியே நின்னுச்சு. நான் சண்டைக்கு வாயத் தொறக்கறதுக்குள்ள அவ எழுந்துட்டா. "அப்ப நீங்களே சோத்துக்கையால நகத்துங்க மாமா"ன்னு தன் நாற்காலிய அவருகிட்ட தள்ளினா.

அவரும் விடல, உக்காந்தாரு. சோத்துக்கைய வெச்சா மவுஸு முதுகக் காட்டுது. பெருவெரலுக்கு எடமே இல்ல. இப்படித் திருப்பினாரு, அப்படித் திருப்பினாரு, கடைசியில தன்னையறியாம இடது கைய வெச்சாரு. முருகன் நகந்தாரு.

"ஆங், வருது பாரு!"ன்னு ஆசையா வேலுக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்திட்டு, அப்பதான் தன் கையப் பாத்தாரு. கடையில இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டோம். கொஞ்ச நேரம் மொறைச்சவரு அவரும் சிரிச்சுட்டாரு.

"சரி சரி, நீயே உக்காரும்மா. எந்தக் கையால வேணா வெட்டு. என் வழுக்கையில மட்டும் நாலு முடி வெச்சுடு."

ஜெயசுதா உக்காந்தா. சோத்துக்கையால ஃபோன எடுத்து துணிக்கடைக்குப் போட்டா. "நான் வரலீங்க. இங்க எனக்கு வேலை இருக்குது"ன்னா. பேசி முடிக்கிற வரைக்கும் இடது கைய மவுஸ்லேருந்து எடுக்கவே இல்ல.