கோல்கம்பத்தில் கட்டிய சேலை

விசில் ஊதுகிறவனுக்கு ரெண்டு பக்கமும் பகை என்பார்கள். எனக்குத் தெரியாதா என்ன! முனிசிபாலிட்டி குமாஸ்தா, பர்மியமும் பேசுவான் என்று 1920களில் ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாக என்னைத்தான் இழுத்துப் போவார்கள். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது எனக்கு.

அன்று தாமுவே என்கிற பேட்டை மைதானத்தில் நம் துறைமுகக் கூலிகளுக்கும் க்யிம்யிண்டைங் பேட்டைப் படகுக்காரப் பர்மியர்களுக்கும் ஆட்டம். நம் ஆள் ஒருவன் முதல் கோலைப் போட்டான். அதோடு விட்டிருக்கலாம். கோலுக்குப் பின்னால் நின்ற நம் கூட்டத்திலிருந்து மூட்டை தூக்குகிற ஒருவன் ஓடி வந்தான். வீட்டிலிருந்து பெண்டாட்டியின் சிவப்புச் சேலையை மடியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான், பாவி. அதை உதறிக் குறுக்குக் கம்பத்தில் தோரணம் கட்டிவிட்டான். கோயில் விசேஷம் என்றால் பந்தலுக்குச் சேலை கட்டுகிற ஜனம்தானே நாம்.

பர்மிய கோல்கீப்பர் துள்ளி வெளியே ஓடினான். பர்மிய ஆணுக்கு ‘போன்’ என்று ஒன்று உண்டு, ஆணாய்ப் பிறந்ததன் மகிமை. பெண் இடுப்பில் கட்டிய துணிக்குக் கீழே தலை போனால் அது போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. செருப்பால் அடித்தால்கூட மன்னிப்பார்கள், இதை மாட்டார்கள்.

எதிர்ப்பக்கம் க்யிம்யிண்டைங் கூட்டம் மொத்தமும் எழுந்தது. ஒரு கிழவர் இடுப்புக் கத்தியின் பிடியைத் தொட்டதைப் பார்த்தேன். அதற்கப்புறம் வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

“அவிழ்த்துடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்!” என்று கெஞ்சினேன்.

“ஏன் சார்? திருவிழாச் சேலை, துவைச்சது. கொண்டாடக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?” என்றான். எந்தச் சட்டத்திலும் இல்லை. வெள்ளைக்காரன் எழுதிய விதியில் சேலைக்கு ஏது இடம்! நம் கூட்டம் என்னைப் பார்த்து, “யாரு பக்கம்யா நீ?” என்று கத்தியது. அந்தப் பக்கம் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கத் தொடங்கியது.

விசிலை ஊதினேன். காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் நானே போனேன். எட்டி முந்தானையைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்து, ஆறு கஜமும் என் தலைமேலேயே விழுந்தது.

ஒரே சிவப்பு. சத்தமே இல்லை. கத்தி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். முருகா, பிள்ளைகள் சின்னஞ்சிறுசு என்று மட்டும் நினைத்தேன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் இன்னொருவர். அப்புறம் மைதானமே சிரித்தது, ரெண்டு பக்கமும். சேலையை வாரிச் சுருட்டித் தலையை வெளியே நீட்டினால், கத்திக்காரக் கிழவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என் மானம் போனது, எல்லார் உயிரும் தப்பியது.

சேலையைச் சொந்தக்காரன் மேல் வீசி எறிந்து, “போடா வீட்டுக்கு!” என்று கத்தினேன். அப்போதுதான் குரலே வந்தது.

மீதி ஆட்டம் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். அவர்களும் ஒரு கோல் போட்டார்கள், யாரும் ஜெயிக்கவில்லை. முடிந்ததும் கை கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். பர்மிய கோல்கீப்பர் என்னிடம் வந்தான். பிடித்த என் கையை அவன் விடவே இல்லை.

“சயா,” என்றான், ஐயா என்கிற மாதிரி. தன் கோலுக்குப் பின்னால் இன்னும் கலையாமல் நின்ற நம் கூலிகளைக் கண்ணால் காட்டினான். “இவங்க போற வரைக்கும் கொஞ்சம் என்கூடவே நடந்து வருவீங்களா?”