உரிம வரிகளை அழிக்கச் சொன்ன வாரம்

“ஒவ்வொரு ஃபைலிலயும் மேல கிடக்கிற வரியளை அழிச்சுப்போடும் பிள்ளை. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் முடிய வேணும்” என்றார் முதலாளி. என் முகத்தைப் பார்க்காமல், ஜன்னல் கதவின் கொக்கியைச் சரிசெய்தபடிதான் சொன்னார்.

அந்த வரிகளில் இருந்தது, மென்பொருளை எழுதியவர்களின் பெயரும் அதை யார் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறிப்பும். அவற்றை எடுத்துவிட்டால் அது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எங்களுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். முதலாளிக்கு வேண்டியது அதுதான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. இலங்கை மலைநாட்டில், பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர், சின்னதொரு அலுவலக அறை. மொத்தம் மூன்று பேர். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க இலிகிதராக மாற்றலாகி வந்து, இந்த ஊரிலேயே தங்கி, ஓய்வுபெற்ற பிறகு கொம்பியூட்டர் தொழில் தொடங்கியவர். அடுத்தவர் பண்டாரவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் முஸ்லிம் இளைஞர். என்னைவிட மூத்தவர் என்பதால் நான் அவரை நானா என்பேன். மூன்றாவது நான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவள்.

வேலை தேடிப் போன இடங்களிலெல்லாம் என் முகவரியில் இருந்த தோட்டத்துப் பெயரைப் பார்த்ததுமே குரலை மாற்றிக்கொண்டார்கள். முதலாளி மட்டும் முகவரியைக் கவனிக்கவில்லை. ஒரு சிறிய புரோகிராமை எழுதச் சொன்னார், அது ஓடுவதைப் பார்த்தார், “நாளைக்கே வாரும்” என்றார். அதனால் அந்த மனிதருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் மேசைக்குப் போய் உட்கார்ந்தேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு தோட்டக் கம்பனிக்கான வேலை. ஒரு தொழிலாளியின் பெயர் அங்கே மூன்று இடங்களில் இருந்தது: சம்பளக் கணக்கில் ஒன்று, தோட்டத்து மருந்தகமான டிஸ்பென்சரியில் ஒன்று, ஓய்வுகாலப் பணத்தைச் சேர்த்துவைக்கும் சேமலாபப் பிரிவில் ஒன்று. மூன்றிலும் எழுத்து வேறு வேறு. கல்யாணமாகிக் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போன ஒரு பெண்ணுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது அவள் பிறந்த தோட்டத்து டிஸ்பென்சரியில் பதிந்திருக்கும். புதுத் தோட்டத்தில் அவள் யாரென்றே தெரியாது. மூன்றையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்று கம்பனி கேட்டது.

எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டிச் சேர்க்க ஒரு பிரிவும் சம்மதிக்கவில்லை. அப்போதுதான் இணையத்தில் அந்த மென்பொருளைக் கண்டேன். வேர்ச்சுவல் டிரெக்டரி சேவர் என்பார்கள். அது எந்தப் பெயரையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. யாராவது கேட்டால் மூன்று இடத்துக்கும் போய் விசாரித்து, மூன்று பதிவையும் ஒரே ஆளாக்கிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். வெளிநாட்டில் ஒரு சிறு குழு எழுதி, உள்ளே இருப்பதை எவரும் திறந்து பார்க்கும்படி விட்டிருந்தது.

அதற்கு இரண்டு விதமான உரிமம் இருந்தது. பொது உரிமத்தில் எடுத்தால் இலவசம். மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, நாங்கள் மாற்றியது உட்பட புரோகிராமின் மூல வரிகளையெல்லாம் அதே உரிமத்தோடு கொடுத்துவிட வேண்டும். மூடி வைத்து விற்க விரும்பினால் வணிக உரிமம் வாங்க வேண்டும். இதை முதல் வாரமே முதலாளியிடம் சொன்னேன். “அதைப் பிறகு பாப்பம்” என்றார். பிறகும் இரண்டொரு தடவை சொன்னேன். அதே பதில்.

ஒப்பந்தம் வந்தபோதுதான் விஷயம் முற்றியது. ‘இந்த மென்பொருள் முழுவதும் விற்பவரின் சொந்த ஆக்கம், வேறெவருக்கும் இதில் உரிமை இல்லை’ என்று ஒரு வாசகம் அதில் இருந்தது. வேறு தோட்டக் கம்பனிகளுக்கும் இதையே விற்கலாம் என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார். அந்த வாசகம் அவருக்கு இனித்தது.

நானும் நானாவும் வேறு வழி தேடினோம். வணிக உரிமத்தின் விலை கேட்டு எழுதினோம். மழைக்குத் தொலைபேசி இணைப்பு விழுந்து விழுந்து எழும்பியதில் பதிலைப் பார்க்கவே பெரும்பாடு பட்டோம். வந்த விலை எங்களுக்கு எட்டாதது. அடுத்ததாக, மென்பொருளை யாருக்கும் கொடுக்காமல் நம் கந்தோரிலேயே ஓடவிட்டு, தோட்டங்கள் தொலைபேசி லைன் வழியாக அதைப் பார்த்துக்கொள்ள விட்டால் உரிமத்துக்குப் பழுதில்லை என்று நானா கண்டுபிடித்தார். நல்ல யோசனைதான். ஆனால் மழை பிடித்தால் கொஸ்லந்தப் பக்கம் லைன் செத்துப்போகும். ஆபத்து நேரத்தில் டிஸ்பென்சரியில் திரை வெறுமையாக நிற்கும். அதையும் விட்டோம்.

“நீங்க அழிக்கலன்னா அவர் என்னை அழிக்கச் சொல்லுவார்” என்றார் நானா.

“சொன்னா செய்வீங்களா?”

அவர் திரையை அணைத்துவிட்டுப் பையை எடுத்தார். அவருக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

அன்று வீட்டில் அம்மாவிடம் மேலோட்டமாகச் சொன்னேன். மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்த களைப்பில் இருந்தவர், “அந்த ஐயாவ பகைச்சுக்காத. வேற யாரு ஒனக்கு வேல குடுத்தா?” என்றார். எனக்கும் அதே பயம்தான்.

வியாழக்கிழமை முதலாளி கேட்டார்: “அழிச்சாச்சோ?”

“இல்ல சேர். அழிச்சா அது திருட்டு மாதிரி. எழுதுனவங்க பேர எடுக்க நமக்கு உரிமையில்ல.”

“நீர் என்ன, அவையளுக்கு வக்கீலோ? இந்த மலையில வந்து ஆர் பாக்கப் போகினம்?” குரல் உயரவில்லை. பிறகு நானாவைப் பார்த்தார். நானா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரிடமும் சொல்லப்பட்டிருந்தது, அவரும் அழிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. “சரி, அப்பிடியே கிடக்கட்டும். கம்பனிக்காரர் திறந்து பாக்க மாட்டினம்” என்று சொல்லிவிட்டு முதலாளி கீழே இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டக் கந்தோருக்கு மூவரும் ஒரு வாடகை வான் வண்டியில் போனோம். எல்ல என்ற ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஓரிடத்தில் மண் சரிந்து பாதி வீதியை மூடியிருந்தது.

கம்பனியின் கொம்பியூட்டர் பிரிவுத் தலைவர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அமைதியான சிங்களவர். ஆங்கிலத்தில் பேசினார். நான் மென்பொருளை ஓட்டிக் காட்டினேன். ஒரு பெண்ணின் பெயரை அடித்ததும் மூன்று பதிவும் ஒன்றாக எழும்பி வந்தன. பக்கத்தில் நின்ற டிஸ்பென்சரிக்காரர் திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். தலைவருக்கும் பிடித்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பேனாவை எடுத்தவர், எதற்கோ நிறுத்திக் கேட்டார்: இவ்வளவையும் நீங்களேதான் எழுதினீர்களா?

“ஆம், எல்லாம் எங்களுடையது” என்றார் முதலாளி.

தலைவர் என்னைப் பார்த்தார். ஓட்டிக் காட்டியவள் நான் என்பதால் சும்மா பார்த்திருக்கலாம். முதலாளியின் செருப்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது.

“பெயர்களைச் சேர்த்துப் பொருத்தும் பகுதியை நாங்கள் எழுதினோம். அடியில் ஓடுவது வேறு ஆட்களுடையது. இலவச உரிமத்தில் எடுத்தது. உங்களுக்குக் கொடுத்தால் மூல வரிகளையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்” என்றேன். என் ஆங்கிலம் தடுமாறியது. ஆனால் சொல்லி முடித்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். “அப்படியென்றால் இதில் நான் இன்று கையெழுத்துப் போட முடியாது. எங்கள் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்” என்று காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. எழுந்து போய்விட்டார்.

திரும்பும் வழி முழுக்க முதலாளி முன் சீட்டில் நேராக இருந்தார். பதுளையில் இறங்கியதும், “திங்கக்கிழமை வாரும். வராமல் நிக்கவேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அது மன்னிப்பா, கணக்குத் தீர்க்கவா என்று புரியாமல் இரண்டு நாளும் தவித்தேன்.

திங்கள் போனேன். வேலை இருந்தது. பேச்சு இல்லை. கம்பனியிடமிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் மூவரும் தலை தூக்குவோம். வாரங்கள் அப்படிக் கழிந்தன. முதலாளி புடவைக் கடைக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்பதைப் படியில் நின்று கேட்டேன். இந்தக் கந்தோர் மூடப்பட்டால் அது என்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன். சொன்னது தப்பென்று மட்டும் ஒருநாளும் தோன்றவில்லை.

கடைசியில் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. முதலாளி எழுந்து நின்றுகொண்டு பேசினார். ஒப்பந்தத்திலிருந்து ‘சொந்த ஆக்கம்’ என்ற அந்த வாசகத்தை எடுத்துவிட்டார்கள். பொது உரிமத்திலேயே தரலாம், மூல வரிகள் எல்லாம் கையில் வேண்டும், பிற்காலத்தில் வேறு யாரையும் வைத்துத் திருத்திக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்றார்கள். எங்கள் கடை நாளைக்கே மூடினாலும் டிஸ்பென்சரி வேலை நின்றுவிடக் கூடாதாம். முதலாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். மற்றக் கம்பனிகளுக்கு மூடி விற்கும் கனவு அத்தோடு போயிற்று. பராமரிப்பு வேலை மட்டும் எங்களிடம் இருந்தது. அது கந்தோரைத் தாங்கியது.

நான் அங்கே இன்னும் சில காலம் இருந்தேன். என் வேலையில் அவர் குறை சொல்லவில்லை. ஆனால் வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது என்னைக் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டார். நானா மட்டும் போய் வந்தார். கண்டியில் வேறு வேலை கிடைத்து விடைபெறப் போனபோதுதான் முதலாளி அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை எடுத்தார்.

“அண்டைக்கு நீர் என்னை வெளியில கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.”

“முன்னாடியே பல தடவ சொன்னேன் சேர்.”

“ஓம், சொன்னனீர்” என்றார். பிறகு கீழே கடைக்கு ஆள் அனுப்பித் தேத்தண்ணி எடுப்பித்தார். இருவரும் குடித்து முடித்தோம். படியிறங்கும்போது, மழை ஈரம், பார்த்துப் போகும்படி மேலிருந்து சொன்னார்.