மேயர் தாக்வெல்லுக்கு முளைத்த மைத்துனர்கள்

ஏழு. இந்த எண்ணை மறந்துவிடாதீர்கள். டன்மோர் நகர மேயரின் எழுத்தராக இருந்த அகஸ்டின் பாஃப், தன் கையாலேயே தனக்கு எழுதிக்கொண்ட மறுப்புக் கடிதங்களின் எண்ணிக்கை அது.

எப்படி என்று சொல்கிறேன். எங்கள் ஊரில் நகரசபை வேலை எதுவும் திறமைக்குக் கிடைக்காது. போலீஸ்காரன், சந்தைக் கண்காணிப்பாளன், தெருவிளக்கு ஏற்றுபவன், நாய் பிடிப்பவன் எல்லோரும் மேயர் போட்ட ஆட்கள். மேயர் மாறினால் துடைப்பம் பிடிக்கும் கையும் மாறும். ஆகவே ஊரே மேயருக்குக் கடிதம் எழுதியது. அப்போது மேயர் ஒரின் தாக்வெல். நேரில் போய்க் கேட்டால் தோளில் கை போட்டு, "எழுதிக் குடுங்க" என்பார். எழுதிக் கொடுத்தால் அது அகஸ்டின் மேசைக்கு வரும்.

அகஸ்டின் ஒல்லியான ஆள். மை படாமலிருக்க, கோட்டின் வலது கையில் மட்டும் கறுப்பு உறை மாட்டியிருப்பார். ஒவ்வொரு கடிதத்தையும் மூன்றாக மடித்து, வெளிப்பக்கத்தில் யார், என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதுவார். மேயர் படிப்பது அந்த வரியை மட்டும்தான். சுவரில் இரண்டு மரப்பெட்டிகள். ஒன்று அரசியல், மற்றது வீடு. அரசியல் பெட்டிக்கு ஒரே பதில்: "தங்கள் கோரிக்கை என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது. இடம் காலியானதும் தங்கள் பெயரே முதலில் என் நினைவுக்கு வரும்." அகஸ்டின் எழுதுவார், மேயர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். நகரத்தில் பாதிப் பேர் மேயரின் நினைவில் முதலிடத்தில் இருந்தார்கள்.

வீட்டுப் பெட்டிக்கு வேறு நியாயம். அதிலிருப்பதெல்லாம் மேயர் மனைவி லவினியாவின் பிறந்த வீட்டு ஆட்கள், பெண்ட்ரி வகையறா, எழுதியவை. அவர்கள் கேட்டது நடக்கும். அன்றே நடக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அகஸ்டின் ஒரு தவறு செய்தார். கடிதங்களின் உள்ளே படித்துப் பார்த்துப் பிரித்தார்.

"யோவ் பாஃப், என் பொண்டாட்டியோட அண்ணன் ஆம்ப்ரோஸுக்கு என்னய்யா பதில் போட்டே?" மேயர் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டதாம்.

"எல்லாருக்கும் போடறதுதான் ஐயா. தெருவுக்குக் கல் பாவுற ஒப்பந்தம் கேட்டிருந்தாரு. நலமான்னு ஒரு வார்த்தை இல்ல. அரசியல்னு நெனச்சேன்."

"அதை எடுத்தாந்து என் சாப்பாட்டு மேசையில, விருந்தாளிங்க முன்னாடி, சத்தமா படிச்சான்யா! 'என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது'ன்னு படிச்சுட்டு என் நெஞ்சைத் தொட்டுப் பாத்தான்!"

"இன்னொருத்தர் உங்க அம்மாவோட இருமலைப் பத்தி ரெண்டு பக்கம் உருகியிருந்தாரு. அதை வீட்டுப் பெட்டியில வெச்சேன் ஐயா."

"அவன் சாக்கடைக் குழாய் விக்கிறவன்! எங்கம்மா செத்து எத்தனை வருஷமாச்சு!"

பாவம், அகஸ்டின் மேல் என்ன தப்பு? அரசியல்வாதிகள் மேயருக்குப் பாசத்தைக் கொட்டி எழுதினார்கள். குழந்தைகளுக்கு முத்தம் அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதினார்கள். எந்த எழுத்தராக இருந்தாலும் குழம்பியிருப்பார்.

மேயர் விதியை எளிதாக்கினார். "உள்ள படிக்காதே. 'சகோதரரே'ன்னு ஆரம்பிச்சா அரசியல். 'அத்தான்'னு ஆரம்பிச்சா வீடு. அவ்வளவுதான்."

இன்னொன்றும் தெரிய வேண்டும். மேயர் தன் மாமியார் வீட்டு ஆட்களில் ஒருவரைப் பற்றியும் மனைவியிடம் "இவர் யாரு?" என்று கேட்கமாட்டார். கல்யாணத்தன்றே ஒரு கிழவரைக் காட்டி அப்படிக் கேட்டுவிட்டார். அவர் லவினியாவின் தாய்மாமன். மணமகன் அன்றிலிருந்து ஒரு மாதம் ஆறிப்போன கறியும் காய்ந்த ரொட்டியும் தின்றார். மறுபடி அந்தக் கேள்வி அவர் வாயில் வரவில்லை.

இனி அகஸ்டினின் கதைக்கு வருகிறேன். அவர் தங்கை ஒட்டிலியின் கணவன் லோரன்ஸ் ஹாக், எங்கள் விளக்கேற்றுவோர் சங்கத்து ஆள். பனிக்காலத்தில் ஏணியில் உறைந்திருந்த பனி சறுக்கி விழுந்தான். முழங்கால் போயிற்று, மடங்காது. ஏணி ஏற முடியாதவனுக்கு நகரசபை சம்பளம் தராது. சங்கச் செயலாளர் நான். கண்டனத் தீர்மானம் போட்டோம், கை தூக்கினோம், ஒருமனதாக நிறைவேற்றினோம். தீர்மானத்தால் முழங்கால் மடங்கவில்லை. ஒட்டிலியும் லோரன்ஸும் குழந்தைகளும் அகஸ்டினின் இரண்டு அறைகளில் வந்து ஒண்டினார்கள்.

அப்போது நீர்த்தேக்கத்தின் வாசல் காவலர் இறந்துபோனார். அந்த வேலைக்கு ஒரு நாற்காலி, ஓர் அடுப்பு, ஒரு மணி. உட்கார்ந்திருந்தால் போதும். லோரன்ஸுக்கென்றே செய்த வேலை. அகஸ்டின் மேயரிடம் வாய்விட்டுக் கேட்டார்.

"எழுதிக் குடுய்யா" என்றார் மேயர்.

அகஸ்டின் எழுதினார். கடிதம் அவர் மேசைக்கே வந்தது. அவரே மூன்றாக மடித்தார், வெளியே "அ. பாஃப். தங்கை கணவன் லோ. ஹாக்குக்குக் காவல் வேலை" என்று குறித்தார். மேயருக்கு அந்தப் பெயர் உறைக்கவே இல்லை. "வழக்கமானது" என்றார். அகஸ்டின் உட்கார்ந்து, லோரன்ஸ் ஹாக் குறித்த தங்கள் கோரிக்கை என் நெஞ்சுக்கு மிக நெருக்கமானது என்று தனக்கே எழுதி, கையெழுத்து வாங்கி, தபால்தலை ஒட்டிப் போட்டார்.

வீட்டில் ஒட்டிலி உறையைக் கிழித்துக் குதித்தாள். "மேயரே கையெழுத்துப் போட்டிருக்காரு! ஆனா அண்ணே, மேல இருக்கிற எழுத்து உன் எழுத்து மாதிரியே இருக்கே?"

அகஸ்டின் சூப்புக்கு இரண்டாம் தடவையாக உப்புப் போட்டார்.

இப்படி ஏழு முறை. விதியை மீறி ஒரு வேலையும் செய்யத் தெரியாத மனிதர். நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. ஷோபர் மதுக்கடையில் என் முன்னாலேயே லோரன்ஸ் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், ஊர்ல எல்லாரையும் மேயர்தான் ஏமாத்துவாரு. உன்னை மட்டும் நீயே ஏமாத்திக்கிறே. அவருக்கு வேலை மிச்சம்."

"நான் என்னடா பண்றது? அந்தப் பெட்டிக்கு அதுதான் பதில்."

சாப்பாட்டுக்கு அழைக்க வந்து நின்ற ஒட்டிலி சிரிக்கவில்லை. "அப்ப பெட்டியை மாத்து. அவருக்கு நாம யாரு? யாருமில்ல. யாருமில்லாதவங்களுக்குத்தான் இந்தக் கடுதாசி வருது. யாராவதா ஆயிடுண்ணே."

எட்டாவது கடிதம் இப்படித் தொடங்கியது: "அன்புள்ள அத்தானுக்கு." நலமா என்றுகூட இல்லை. காவல் வேலை வேண்டும், உடனே வேண்டும், அவ்வளவுதான். கீழே லோரன்ஸ் ஹாக் என்று கையெழுத்து. அசல் பெண்ட்ரி நடை. அகஸ்டின் அதை வீட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, மேயருக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஹாக்... ஹாக்..." மேயர் மோவாயைச் சொறிந்தார். "கொலம்பஸ் ஊர்ல இருக்கிற அந்த நரைத் தாடிக்காரரோட மருமகனா?"

அகஸ்டின் இருமினார்.

"சரி சரி, எனக்குத் தெரியும்யா. எனக்குத் தெரியாத சொந்தமா?" கையெழுத்து விழுந்தது.

லோரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். அங்கேயே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நாள் முழுதும் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குப் பேச்சுதானே வேலை. தண்ணீர் வண்டிக்காரனிடம் சொன்னான். தண்ணீர் வண்டி போகாத தெரு உண்டா? அடுத்த மாதத்திலிருந்து டன்மோர் நகரமே மேயரை அத்தான் என்று அழைத்தது. மக்கார்ட்டி எழுதினான், கோவால்ஸ்கி எழுதினான், நான் முகம் மழிக்கப் போகும் கறுப்பர் ஐசேயா கூட எழுதினார். விதிப்படி அகஸ்டின் அத்தனையையும் வீட்டுப் பெட்டியில் வைத்தார். வேறென்ன செய்வார்? ஒன்றைத் தடுத்தால் லோரன்ஸின் கடிதத்தையும் தடுத்திருக்க வேண்டும்.

"ஏன்யா பாஃப், பெண்ட்ரி வீட்டுல இவ்வளவு ஐரிஷ்காரங்க எப்பக் கட்டிக்கிட்டாங்க?"

"காதல் கல்யாணமா இருக்கும் ஐயா."

மேயர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தேர்தல் நெருங்கியதும் எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒரு படம் போட்டது. பெரிய மரம், அடிமரத்தில் மேயரின் முகம், கிளை கிளையாக மைத்துனர்கள். நீர்த்தேக்க வாசலில் ஒரு கிளை, அதில் லோரன்ஸ், கால் நீட்டியபடி. அன்று லவினியா அம்மாள் பத்திரிகையோடு அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"ஏங்க, யாருங்க இவங்கல்லாம்?"

இத்தனை வருடம் அவர் கேட்கப் பயந்த கேள்வியை அவளே கேட்டாள். மேயர் எழுந்து நின்றுவிட்டார். "உன் ஆளுங்க இல்லையா?"

"ஹாக்னு எங்க வீட்ல யாரும் கெடையாது."

மேயர் திரும்பினார். முகம் பீட்ரூட் நிறம். "பாஃப்! யாருய்யா இந்த ஹாக்?"

அகஸ்டின் இதை என்னிடம் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்துவார். பொய் சொன்னால் தப்பலாம். ஆனால் அவருக்குப் பொய் எழுதத்தான் வரும், சொல்ல வராது. "என் தங்கச்சி புருஷன் ஐயா. கால் மடங்காது. ஏழு தடவை எழுதிக் கேட்டேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டு மறுத்தீங்க."

"இப்பவே அவனைத் தூக்குறேன். உன்னையும் தூக்குறேன். எவனும் என் சொந்தமில்லேன்னு பத்திரிகையில போடுறேன்!"

"போடுங்க" என்றாள் லவினியா அமைதியாக. "இவங்க சொந்தமில்லேன்னா, அடுத்து பத்திரிகைக்காரன் 'அப்ப யாருதான் சொந்தம்?'னு கேப்பான். எங்கண்ணன் ஆம்ப்ரோஸ் பேரு வரும். சந்தைக் கண்காணிப்பாளர்னு சம்பளம் வாங்கிக்கிட்டு ஆத்துக்கு அந்தப் பக்கம் பன்னி வளக்கிறது வரும். என் தம்பிங்க பேரு வரும். கும்பல்ல கலந்திருக்கிறவரைக்கும் யாருக்குத் தெரியும்?" அகஸ்டினைப் பார்த்தாள். "அந்த ஹாக் என் தம்பிதான். உக்காந்திருக்கட்டும்."

மேயர் மேடையேறி, "ஆம், என் குடும்பம் பெரியது!" என்று முழங்கினார். குடும்பம் கைதட்டியது. குடும்பத்தில் சேராதவர்கள் வாக்களித்தார்கள். தாக்வெல் மண்ணைக் கவ்வினார்.

புதிய மேயர் கால்வின் ஸ்டோடார்ட் பதவியேற்ற கையோடு உத்தரவு போட்டார்: தாக்வெல்லின் சொந்தக்காரன் ஒருவன்கூட வேலையில் இருக்கக் கூடாது. பத்திரிகையில் வந்த மரத்தை மேசையில் விரித்து, கிளை கிளையாக அடித்துக்கொண்டே வந்தார். லோரன்ஸின் கிளை மதியத்துக்குள் வந்துவிடும். இப்போது அகஸ்டின் நிரூபிக்க வேண்டியது நேர்மாறானது: லோரன்ஸ் தாக்வெல்லுக்கு யாருமே இல்லை.

வீட்டுக்கு ஓடி, ஒட்டிலியின் பைபிளுக்குள் கிடந்த ஏழு கடிதங்களையும் எடுத்துவந்து ஸ்டோடார்ட் முன் பரப்பினார்.

"என்னய்யா இது?"

"லோரன்ஸ் ஹாக்குக்கு வேலை கேட்டதுக்கு வந்த பதிலுங்க. சொந்தக்காரங்களுக்கு இந்தக் கடுதாசி போகாது ஐயா. கேட்டது கெடைச்சிடும்."

ஸ்டோடார்ட் ஒன்றை எடுத்துப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "இதே வரி எனக்கும் வந்துச்சுய்யா! குதிரை லாயம் கட்ட அனுமதி கேட்டப்ப. நெஞ்சுக்கு நெருக்கமாம்! நான் நம்பிச் செங்கல் வாங்கிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் எப்படி இவனுக்கு வேலை கெடைச்சுது?"

"எட்டாவது தடவை மனசு இறங்கிட்டாரு ஐயா."

"தாக்வெல்லுக்கு? மனசு?" இருந்தாலும் கடிதம் கடிதம்தானே. மேயரே கையெழுத்திட்ட சான்று. ஸ்டோடார்ட் தீர்ப்பு சொன்னார்: மறுப்புக் கடிதம் வைத்திருப்பவன் சொந்தக்காரன் இல்லை, வேலையில் இருக்கலாம்.

மறுநாள் படிக்கட்டு முழுக்க வரிசை. மக்கார்ட்டி, கோவால்ஸ்கி, ஐசேயா, எல்லோர் கையிலும் அதே வரி. எப்போதோ வந்த பதிலை யாரும் எறிந்திருக்கவில்லை, மேயர் கையெழுத்தாயிற்றே. பெண்ட்ரிகள் மட்டும் வெறுங்கையோடு நின்று, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். கடைசியில் ஒரு தடித்த ஆள் கோட்டுப் பையிலிருந்து, சாப்பாட்டு மேசைக் கறை படிந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆம்ப்ரோஸ் பெண்ட்ரி. தாக்வெல்லின் சொந்த மைத்துனர். அவர் சொந்தமில்லை என்பதற்கு எழுத்துபூர்வமான சான்று இருந்தது. சந்தைக் கண்காணிப்பாளராகவே தொடர்ந்தார். பன்றிகளும் தொடர்ந்தன.

ஸ்டோடார்ட் அகஸ்டினையும் விடவில்லை. "நல்ல வரிய்யா அது. மாத்தாதே. ரெண்டு பெட்டியும் இருக்கட்டும்." கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் பொண்டாட்டி வீட்டுக்காரங்க 'மாமா'ன்னு ஆரம்பிப்பாங்க. கவனிச்சுக்க."

அகஸ்டின் வலது கையில் கறுப்பு உறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று மாலை தங்கையிடம் அந்த ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சூப்பைக் குடித்தார்.

லோரன்ஸ் ஹாக் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பார்த்த மேயர்கள்: ஆறு பேர்.