சிங்க் மேடையின் நடுச்சுவர்

எங்கள் அடுப்படியை இடித்துக் கட்டியது தொண்ணூறுகளின் கடைசியில். கோவில்பட்டியில் அப்போது குழாயில் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வரும். கோடையில் பதினைந்து நாளும் ஆகும். அந்த லட்சணத்தில் வீட்டுக்குள் சிங்க் எதற்கு என்று ஊரே கேட்டிருக்கலாம். கேட்டது என் அம்மா மட்டும்தான். "குடிக்கவே தண்ணியக் காணும், இவன் கழுவுததுக்குத் தொட்டி கட்டுதானாம்" என்று கொத்தனார் காதுபடவே சொன்னாள்.

மேடை வேண்டும் என்றவள் என் மனைவி. கல்யாணத்துக்கு முன் புதியம்புத்தூரில் தையல் மிஷினில் வருஷக்கணக்காகக் குனிந்து உட்கார்ந்ததில் இடுப்பு போயிருந்தது. தரையில் உட்கார்ந்து சமைத்துவிட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். முனக மாட்டாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவளுக்காகத்தான் வேலையை ஆரம்பித்தேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

நான் தீப்பெட்டி ஆபீஸில் மேற்பார்வை பார்த்தவன். நாலு பேரை வேலை வாங்கத் தெரிந்தவன் என்ற நினைப்பு உண்டு. கொத்தனாரையும் அப்படியே வேலை வாங்கப் பார்த்தேன்.

சிங்க் வைக்கும் பக்கத்துக்கு ஆறடிக் கடப்பாக்கல். அதைத் தாங்க அடியில் மூன்று செங்கல் சுவர் எழுப்ப வேண்டும், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று என்றார் கொத்தனார். நடுச்சுவர் வேண்டாம் என்றேன். இரண்டு பெரிய டிரம் வாங்கி அடியில் தள்ளிவிட்டால் தண்ணீர்க் கவலை விட்டது என்பது என் திட்டம். நடுவில் சுவர் வந்தால் அதுவும் சிங்க் குழாயும் இடத்தை அடைத்து, ஒன்றுதான் நுழையும்.

"அண்ணாச்சி, தொட்டிக்கு ஓட்டை போட்ட பொறவு முன்னயும் பின்னயும் மூணு மூணு இஞ்சு கல்லுதான் நிக்கும். அங்கன முட்டு இல்லன்னா தாங்காது."

"யானையா ஏறப் போகுது? தட்டு, டம்ளர் கழுவுத இடம்தானய்யா."

அவர் கரணையைச் சட்டிக்குள் போட்டார். "சரி, உங்க வீடு. ஆனா அதுமேல கனமா எதையும் வைக்கக் கூடாதுன்னு வீட்ல சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுகமாக இருக்கும். மறக்கவில்லை. சொன்னால், "அப்போ சுவரக் கட்டச் சொல்லுங்களேன்" என்பாள். பிறகு கொத்தனார் முன்னால் நான் இறங்கி வர வேண்டும். டிரம் வாங்கிவந்த பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

டிரம் வாங்குவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் தண்ணீர் வரும் நாளில் மற்ற வேலையெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். குடம், அண்டா, இட்லிக் கொப்பரை வரை நிரம்பும். நிறைகுடத்தின் மேல் இன்னொரு நிறைகுடத்தை ஏற்றி அடுக்குவது எல்லா வீட்டிலும் வழக்கம். புது மேடையைக் கண்டால் கோவில்பட்டியில் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் என் மனைவியும் செய்தாள். குனியாமல் மொண்டுகொள்ளலாமே என்று தெருக்குழாயிலிருந்து சுமந்து வந்து, சிங்குக்குப் பக்கத்தில் பத்துக் குடங்களை இரண்டிரண்டாக ஏற்றி அடுக்கினாள்.

அம்மாவுக்கு நின்றுகொண்டு வேலை செய்வது ஆகாது. டிரம் வராமல் காலியாகக் கிடந்த இடம் குளுகுளுவென்று இருந்ததால், அந்தப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்து, இடது காலை மேடைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, அரிவாள்மனையில் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினோராவது குடத்தோடு என் மனைவி வாசல்படி ஏறும்போது, ஓட்டை போட்ட இடத்தில் கல் முறிந்தது. கல்லும் குடங்களும் அம்மாவின் காலில் இறங்கின.

எலும்பு நொறுங்கிவிட்டது. சர்க்கரை உடம்பு என்பதால் புண்ணும் ஆறவில்லை. ஒரு மாதம் இழுத்தடித்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"ஏட்டி, நான் உக்காந்திருக்கது உன் கண்ணுக்குத் தெரியலையா? என் தலைக்கு மேலயா அடுக்குவ?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அம்மா கேட்டாள்.

"கல்லு தாங்கும்னு நெனச்சேன் அத்தை" என்றாள் என் மனைவி.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கொத்தனாரும் பார்க்க வந்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்த வாரம் வந்து வேறு கல் போட்டு நடுச்சுவரைக் கட்டிக் கொடுத்தார். இதை முதலிலேயே ஏன் கட்டவில்லை என்று என் மனைவி கேட்டதற்கு, "விட்டுப்போச்சுக்கா" என்றார். அந்த மனிதனின் பெருந்தன்மைக்குப் பின்னாலும் நான் ஒளிந்துகொண்டேன்.

அதன் பிறகு அம்மா மூன்று வருஷம் இருந்தாள். என் மனைவி சமைத்த சோற்றைச் சாப்பிட்டாள், அதற்கு வேறு வழி இல்லை. மலஜலம் எடுத்ததும் அவள்தான். ஆனால் அம்மா, "இவ எடுத்த தண்ணியிலதான் என் காலு போச்சு. இவ கையால ஒரு வாய் தண்ணி எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். விசாரிக்க வருகிறவர்களிடமும் சொன்னாள். அவர்கள் தெருவெல்லாம் சொன்னார்கள்.

ஆகவே தினமும் வேலைக்குப் போகுமுன் வீட்டில் இருந்த இரண்டு செம்பிலும் தண்ணீர் நிறைத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவேன். சர்க்கரைக்காரர்களுக்குத் தாகம் அதிகம். மத்தியானத்துக்கு முன்பே இரண்டும் காலியாகிவிடும். பெரிய பாத்திரத்தில் வைத்தால் சாய்த்துக் குடிக்க ஏலாது. ஒருநாள் என் மனைவி மனசு கேட்காமல் செம்பை நிரப்பி வைத்தாள். அம்மா அதை எடுத்துத் தரையில் கொட்டினாள். பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில் அப்படிக் கொட்ட எவ்வளவு வெறுப்பு இருந்திருக்க வேண்டும்! சித்திரை வெயிலில் ஆறு மணிக்கு நான் வரும்போது உதடு ஒட்டிப்போய்க் கிடப்பாள். நான் ஊற்றிக் கொடுப்பேன். மடக்மடக்கென்று குடித்துவிட்டு, "நீ ஒருத்தன்தாம்லே எனக்கு" என்பாள்.

அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். இருந்தேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாள் ஆக ஆகச் சொல்ல முடியாமல் போயிற்று. கோழைத்தனத்துக்கு அதைத் தவிர வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

அம்மா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிற்பாடு, என் மனைவி சிங்கில் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தனார் எச்சரித்ததை, நான் அவளிடம் மறைத்ததை, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றதை. கத்துவாள், அழுவாள், வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

அவள் கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க?" என்றாள். "அத்தைட்ட ஒரு தடவ சொல்லியிருந்தீங்கன்னா, அவிய மத்தியானத்துல தண்ணியாவது குடிச்சிருப்பாவல்லா."